அரசியல் கோட்பாட்டை எப்படிப் படிப்பது? கோத்தகிரி சனிக்கிழமைகளில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

சனிக்கிழமை மாலை கோத்தகிரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். தொலைநிலையில் எம்.ஏ. அரசியல் அறிவியல் படிப்பவர்கள், நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதுபவர்கள், யுபிஎஸ்சி விருப்பப் பாடமாக எடுத்தவர்கள், எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் ஒருவர், சும்மா கேட்க வருபவர் ஒருவர். ஒவ்வொரு புது ஆளும் அதே சந்தேகங்களோடுதான் வருகிறார், நானும் அதே பதிலைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போச்சு. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

அக்கா, அரசியல் கோட்பாடுன்னா கட்சி, தேர்தல், கூட்டணி இதெல்லாம்தானே?

அதெல்லாம் அரசியல். கோட்பாடு அதற்கு ஒரு படி பின்னால் நின்று கேள்வி கேட்கிறது. அரசு சொன்னால் நான் ஏன் கேட்க வேண்டும்? இந்த நிலம் உன்னுடையது என்று சொல்ல உனக்கு என்ன ஆதாரம், பட்டாவா, உழைப்பா, உன் தாத்தா இங்கே பிறந்ததா? எல்லாரும் சமம் என்றால் எதில் சமம்? டீக்கடையில் இந்தக் கேள்விகளைத் தினமும் கேட்கிறோம், ஆனால் பஸ் வந்ததும் பாதியில் விட்டுவிட்டு ஏறிவிடுகிறோம். பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்தவர்கள் எழுதியதுதான் கோட்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்பாடு, தத்துவம், சிந்தனை மூணும் ஒண்ணா, வேற வேறயா?

சிந்தனை என்பது பெரிய கூடை. ஒரு காலத்தில் ஒரு மக்கள் அரசியலைப் பற்றி நினைத்தது, பாடியது, துண்டறிக்கை போட்டது எல்லாம் அதில் விழும். தத்துவம் ‘எது நியாயம், எது நல்லது’ என்று காரணம் காட்டி வாதிடுவது. கோட்பாடு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, நியாயத்தையும் பேசும், நடப்பையும் விளக்கப் பார்க்கும். எல்லை ரொம்பக் கறாராகக் கிடையாது. பரீட்சைக்கு இவ்வளவு போதும், மேலே போகலாம்.

அணுகுமுறைன்னா என்ன? ஒரே விஷயத்தை எதுக்கு இத்தனை விதமா படிக்கணும்?

கூடலூர்ப் பக்கம் ‘செக்ஷன் 17 நிலம்’ என்று சொல்வார்களே, அதை எடுத்துக்கொள்வோம். கூடலூர் ஜன்மம் நிலங்கள் (பரம்பரை முழுவுரிமை நிலங்கள்) முன்பு நிலம்பூர் கோவிலகம் என்ற கேரள அரச குடும்பத்துக்குச் சொந்தம். 1969-இல் தமிழக அரசு சட்டம் போட்டு ஜன்ம உரிமையை ஒழித்தது. அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் மாட்டிக்கொண்ட குத்தகை நிலங்கள் யாருக்கு என்பது தீராமல் இழுத்துக்கொண்டே போனது. வீடு கட்டிக் குடியிருப்பவருக்குப் பட்டா இல்லை, பட்டா இல்லாததால் கரண்ட் இழுப்பதே பெரும்பாடு.

சட்டத்தையும் தீர்ப்புகளையும் வைத்துப் படித்தால் அது சட்ட அணுகுமுறை. வருவாய்த் துறை, வனத் துறை, நீதிமன்றம் இவை ஒன்றோடொன்று எப்படி முட்டிக்கொண்டன என்று பார்த்தால் நிறுவன அணுகுமுறை. கோவிலகம் யாருக்கு எப்போது குத்தகை விட்டது என்று பின்னால் போனால் வரலாற்று அணுகுமுறை. அங்கே குடியிருப்பவர்கள் எதை நினைத்து ஓட்டுப் போடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எண்ணினால் நடத்தையியல். நிலம் யார் கையில், வேலை யார் கையில் என்று கேட்டால் மார்க்சியம். ஐம்பது வருஷம் மண்ணைக் கொத்தியவருக்கா, அதற்கு முன்னாலேயே அந்தக் காட்டில் இருந்த பணியர் பழங்குடிக்கா, காட்டுக்கேவா, நியாயமாக யாருக்குப் போகவேண்டும் என்று கேட்டால் நெறிசார் அணுகுமுறை. நிலம் ஒன்றுதான், கேள்விதான் மாறுகிறது. ஒரு கேள்வியின் பதிலை இன்னொரு கேள்விக்குச் சொல்ல முடியாது.

சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். நாட்டின் வன வழக்குகளுக்கெல்லாம் தாயான கோதவர்மன் திருமுல்பாடு வழக்கும் (1996 டிசம்பர் 12 உத்தரவு), நீதிமன்றம் கை வைக்காமலிருக்க அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைக்குள் ஒளித்து வைத்த சட்டத்தையும் அந்த அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை வைத்துச் சோதிக்கலாம் என்று ஒன்பது நீதிபதிகள் சொன்ன கோயல்ஹோ தீர்ப்பும் (2007 ஜனவரி 11) இந்தக் கூடலூர் மண்ணிலிருந்து போனவைதான்.

நெறிசார்ந்தது, அனுபவம் சார்ந்தது. இந்த வித்தியாசம் மட்டும் மண்டையில ஏறவே மாட்டேங்குது.

இ-பாஸ் ஞாபகம் இருக்கிறதா? உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வர இ-பாஸ் வேண்டும் என்றார்கள். ‘இ-பாஸ் வந்தபின் வண்டி குறைந்ததா?’ என்பது அனுபவம் சார்ந்த கேள்வி. பர்லியார் செக்போஸ்டில் நின்று எண்ணலாம். ‘மலையைக் காப்பாற்ற ஒருவரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவது சரியா?’ என்பது நெறிசார்ந்தது. எவ்வளவு எண்ணினாலும் இதற்கு விடை வராது.

ஆனால் சும்மா கருத்து சொல்லிவிட்டுப் போவதும் நெறிசார் ஆய்வு ஆகாது. உள்ளூர் வண்டிக்கு விலக்கு ஏன், லாட்ஜ் வைத்திருப்பவரின் பிழைப்பு எந்தக் கணக்கில் வரும், ‘பொது நன்மை’ என்கிறோமே அந்தப் பொதுவில் சுற்றுலாப் பயணி உண்டா இல்லையா, இதற்கெல்லாம் ஒன்றுக்கொன்று முரண்படாமல் காரணம் சொல்ல வேண்டும். அங்கேதான் வேர்க்கும்.

மரபு அணுகுமுறை, நவீன அணுகுமுறைன்னு கைடுல ரெண்டு கட்டம் போட்டு எழுதியிருக்கு. மனப்பாடம் பண்ணினா போதாதா?

நானும் அப்படித்தான் பண்ணினேன். முதல் வருஷ உள்மதிப்பீட்டுத் தேர்வில் அந்தக் கட்டத்தைப் பென்சில் கோடெல்லாம் போட்டு அச்சடித்த மாதிரி எழுதி வைத்தேன், இருபதுக்கு ஏழு வந்தது. திருத்தியவர் ஓரத்தில் ‘அரிஸ்டாட்டிலை எந்தக் கட்டத்தில் போடுவாய்?’ என்று மட்டும் எழுதியிருந்தார். அப்போது கோபம்தான் வந்தது.

கேள்வி நியாயமானது. அரிஸ்டாட்டில் நல்ல வாழ்வு, நல்ல ஆட்சி என்று பேசிய ‘மரபு’ ஆள், சரி. ஆனால் அவரும் அவர் மாணவர்களும் 158 அரசமைப்புகளைத் திரட்டினார்கள் என்று சொல்வார்கள். அதில் ஏதென்ஸ் பற்றியது மட்டும்தான் நமக்கு மிஞ்சியது, அதுவும் எகிப்திலிருந்து வந்த பாப்பிரஸ் சுருளில். எண்ணி, ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை இருபதாம் நூற்றாண்டு கண்டுபிடித்தது என்று கட்டம் சொல்கிறது, அந்தச் சுருள் வேறு சொல்கிறது. கட்டத்தை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், நம்பாதீர்கள்.

நடத்தையியல்தான் பழசையெல்லாம் தள்ளிடுச்சுன்னா, அதைக் கொண்டுவந்த ஈஸ்டனே ஏன் அப்புறம் மாத்திப் பேசினார்?

அமெரிக்க அரசியல் அறிவியலாளர் டேவிட் ஈஸ்டனுக்கு 1950-களின் தொடக்கத்தில் ஒரு எரிச்சல் இருந்தது. கோட்பாடு படிக்கிறோம் என்ற பேரில் எல்லாரும் செத்துப்போன ஆட்களின் கருத்து வரலாற்றையே அரைத்துக்கொண்டிருக்கிறார்கள், நடப்பை விளக்கப் புதிதாக ஒன்றும் செய்வதில்லை என்றார். 1953-இல் வந்த ‘அரசியல் அமைப்பு’ நூலில், அரசியல் என்பது சமூகத்தில் மதிப்புள்ளவற்றை அதிகாரத்தோடு பங்கிடுவது என்று வரையறை கொடுத்தார். கோரிக்கையும் ஆதரவும் உள்ளே போகும், முடிவுகள் வெளியே வரும், அதன் விளைவு திரும்ப உள்ளே போகும் என்ற படத்தைப் பிறகு விரித்தார். நமக்குப் புரியாத படம் இல்லை. பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டுச் சிறு விவசாயிகள் உட்காருவது உள்ளே போகிறது, மானிய அறிவிப்பு வெளியே வருகிறது, மானியம் போதவில்லை என்று மறுபடி உட்காருவது சுற்றி வருகிறது. நடுவில் இருக்கும் பெட்டிக்குள் என்ன நடக்கிறது, யார் கோரிக்கை வாசலிலேயே நின்றுவிடுகிறது என்பதை அந்தப் படம் சரியாகக் காட்டாது. பழைய குறைதான், ஆனால் நிஜக் குறை.

அப்புறம் வியட்நாம் போர், அமெரிக்க நகரங்களில் கலவரம். இவ்வளவு எண்ணிய ஆட்கள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லையே என்ற கேள்வி எழுந்தது. 1969-இல் அமெரிக்க அரசியல் அறிவியல் கழகத் தலைவராகப் பேசும்போது ஈஸ்டனே பின்-நடத்தையியல் புரட்சி வந்துவிட்டது என்றார். பொருத்தமும் செயலும் வேண்டும், கையில் இருக்கும் கருவிக்காகப் பிரச்சினையைத் தேடக்கூடாது என்பதுதான் சாரம். எண்ணுவதை விட்டுவிடச் சொல்லவில்லை, எதற்காக எண்ணுகிறோம் என்று கேட்கச் சொன்னார். அதை ‘பல்டி’ என்று விடைத்தாளில் எழுதிய ஒருவர் நம் குழுவிலேயே இருக்கிறார், பேர் சொல்ல மாட்டேன்.

இடையில அரசியல் தத்துவம் செத்துப்போச்சுன்னு யாரோ சொன்னாங்களாமே?

ஆங்கிலேய வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட், 1956-இல். ‘இப்போதைக்கு’ என்று ஒரு சொல்லையும் சேர்த்துத்தான் சொன்னார், அதை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். 1971-இல் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸின் நீதிக் கோட்பாட்டு நூல் வந்ததும் அந்தப் பேச்சு அடங்கியது. நீ எந்த வீட்டில், எந்தச் சாதியில், எந்த உடம்போடு பிறப்பாய் என்று தெரியாத அறியாமைத் திரைக்குப் பின்னால் இருந்து சமூக விதிகளைத் தேர்ந்தெடு என்றார் ரால்ஸ். (சாதி என்பது நான் சேர்த்தது. அவர் வர்க்கம், அந்தஸ்து, திறமை என்றார்.)

மூல நூல் மட்டும் படிச்சா போதுமா, அந்த ஆளோட காலத்தையும் படிக்கணுமா?

இது உண்மையிலேயே பெரிய சண்டை. ஒரு பக்கம் லியோ ஸ்ட்ராஸ். பெரிய நூல்கள் காலத்தைத் தாண்டிய கேள்விகளைப் பேசுகின்றன, அதுவும் தண்டனைக்குப் பயந்த காலங்களில் வரிகளுக்கு இடையே ஒளித்துப் பேசுகின்றன, ஆகவே எழுத்தெழுத்தாக நிதானமாகப் படி என்கிறார். அவருடைய 1952 நூல் இதைப் பற்றியது. மறுபக்கம் குவென்டின் ஸ்கின்னர். 1969-இல் ஒரு கட்டுரையில் வெளுத்து வாங்கினார். காலம் தாண்டிய கேள்வி என்று ஒன்று கிடையாது, ஒருவர் எழுதும்போது யாரோ ஒருவருக்குப் பதில் சொல்கிறார், யாருக்கு, எந்தச் சண்டையில் என்று தெரியாமல் அர்த்தம் பிடிபடாது என்றார்.

நமக்கு இது புதிதில்லை. புறநானூற்றுப் பாட்டுக்கு அடியில் திணை, துறை, யார் யாரைப் பாடியது என்று குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பை மூடிவிட்டுப் படியுங்கள், பல பாட்டு பொதுவான அறிவுரை மாதிரி இருக்கும். குறிப்போடு படித்தால் ஒரு குறிப்பிட்ட அரசனிடம், ஒரு குறிப்பிட்ட நெருக்கடியில், ஒரு புலவர் துணிந்து சொன்னது. ஆனால் அந்தக் குறிப்புகளே பிற்காலத்தில் தொகுத்தவர்கள் சேர்த்தவை என்றால்? சூழலையும் யாரோ ஒருவர் கட்டித்தான் நம் கையில் தருகிறார் என்பதை ஸ்கின்னர் ரசிகர்கள் சில நேரம் மறந்துவிடுகிறார்கள்.

சூழல் எவ்வளவு மாற்றும் என்பதற்குப் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் நல்ல உதாரணம். ‘ஆட்சி பற்றிய இரண்டு ஆய்வுரைகள்’ 1689-இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் மன்னரை மாற்றிய 1688 புரட்சி முடிந்தபின் அதை நியாயப்படுத்த எழுதினார் என்றுதான் நெடுங்காலம் பாடம் நடந்தது. மேலே ‘செத்துப்போச்சு’ என்றாரே அதே லாஸ்லெட், நூலின் பெரும்பகுதி அதற்குப் பல ஆண்டு முன்னாலேயே எழுதப்பட்டது என்று காட்டினார். அப்படியானால் அது நடந்து முடிந்த புரட்சிக்குச் சப்பைக்கட்டு இல்லை, தலைக்கு ஆபத்தான நேரத்தில் எழுதியது. எழுத்து மாறவே இல்லை, தேதி மாறியது, நூலே வேறாகிவிட்டது.

மார்க்சிய அணுகுமுறை எடுத்தா கம்யூனிஸ்ட் ஆகணுமா?

வேண்டாம். கொழுந்து எடை போடும் இடத்தில் நின்று பாருங்கள். மழை நாளில் ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். தராசு எல்லாருக்கும் ஒரே தராசு, முள் பொய் சொல்லாது, ஆனால் எவ்வளவு கழிப்பது என்பதை ஒரு பக்கம்தான் முடிவு செய்கிறது. ‘சம்மதித்துத்தானே கொழுந்தைக் கொடுக்கிறார்’ என்று, சம்மதத்தை வைத்தே எல்லாவற்றையும் நியாயப்படுத்தும் ஒப்பந்தக் கோட்பாடு சொல்லும், மாலைக்குள் விற்காவிட்டால் கொழுந்து வாடிவிடும் என்பதை மார்க்சியம் ஞாபகப்படுத்தும். அந்த ஞாபகத்தைப் பயன்படுத்திக்கொள்ள எந்தக் கட்சி அட்டையும் தேவையில்லை.

பெண்ணியத்துக்குத் தனி அத்தியாயம் எதுக்கு? பெண்களும் மனுஷங்கதானே, எல்லாத்துலயும் வர்றாங்களே?

வருகிறார்களா என்று பார்ப்பதுதான் அந்த அணுகுமுறை. ரால்ஸின் திரைக்குப் பின்னால் 1971-இல் உட்கார்ந்திருந்தவர்கள் ‘குடும்பத் தலைவர்கள்’. அப்படியானால் வீட்டுக்குள் நீதி உண்டா என்ற கேள்வி கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது என்றார் சூசன் மோலர் ஓக்கின் (1989). அதற்கு முந்தைய வருஷம் கேரல் பேட்மன், சமூக ஒப்பந்தத்துக்கு அடியில் பெண்ணை ஆணுக்குக் கீழே வைக்கும் இன்னொரு ஒப்பந்தம் சொல்லாமல் இருக்கிறது என்று எழுதினார். நம் மலையில் கொழுந்து எடுக்கும் கைகள் பெரும்பாலும் யாருடையவை, மேஸ்திரி பெரும்பாலும் யார், சாயங்காலம் வீடு திரும்பியதும் அடுப்பு பற்ற வைப்பது யார் என்று கேட்ட அண்ணனிடமே திருப்பிக் கேட்டேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

எல்லாம் வெள்ளைக்காரப் பேரா இருக்கே. நம்மகிட்ட கோட்பாடே இல்லையா?

இருக்கிறது, ஆனால் பெருமைக்காகத் தேடினால் கெட்டுவிடும். ‘இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த வகுத்தலும் வல்லது அரசு’ என்ற 385-ஆம் குறளை எடுங்கள். ஈஸ்டனின் ‘பங்கிடுதல்’ வரையறையைப் படித்தபின் இதில் ‘வகுத்தல்’ என்ற சொல்லைப் பார்த்ததும் ‘அன்றே சொன்னார்’ என்று கைதட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. இதைத்தான் ஸ்கின்னர் எச்சரிக்கிறார், பின்னால் வந்ததை முன்னால் இருந்தவர் வாயில் திணிக்காதே என்று. பரிமேலழகர் அந்த வகுத்தலை அறம், பொருள், இன்பங்களுக்காக அரசன் செலவிடுவது என்று விளக்குகிறார், இக்காலத்தவர் பலர் மக்களுக்குள் நியாயமாகப் பகிர்வது என்கிறார்கள். இந்த இரண்டு உரைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் அங்கே நிஜமான ஆய்வு தொடங்குகிறது.

அப்புறம் அயோத்திதாச பண்டிதர் இருக்கிறார். இளமை நம் நீலகிரியில்தான். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர். சொற்களின் வேரைத் தோண்டி, கதைகளையும் பண்டிகைகளையும் வேறு விதமாக வாசித்து, ஒரு பௌத்த வரலாற்றையே எடுத்து நிறுத்தினார். அவருடைய வேர்ச்சொல் விளக்கங்கள் எல்லாம் மொழியியலில் நிற்குமா என்றால் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் ‘யார் எழுதிய வரலாற்றை வைத்து என்னைத் தாழ்ந்தவன் என்கிறாய்?’ என்பது முழுக்க முழுக்கக் கோட்பாட்டுக் கேள்வி. அவரைத் ‘தலைவர்கள்’ பாடத்தில் போட்டுவிட்டு லாக்கைக் ‘கோட்பாடு’ பாடத்தில் போடுவது யார் முடிவு?

நாங்க சிலோன்ல இருந்து வந்த குடும்பம். எங்க தாத்தா பட்டதைச் சொன்னா அது அனுபவம்ங்கறாங்க, ஹன்னா அரெண்ட் சொன்னா கோட்பாடுங்கறாங்க. ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்ட பெண் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பிலிருந்து வருகிறார், நோட்டை மழைக்குப் பாலித்தீன் கவரில் சுற்றி எடுத்து வருவார். அன்றைக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை.

முதலில் விவரம். 1948 குடியுரிமைச் சட்டத்தால் இலங்கைத் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவானது, மீதி 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. அரெண்ட் யூத அரசியல் சிந்தனையாளர், 1933-இல் ஜெர்மனியை விட்டுத் தப்பியவர், அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது 1951-இல், நடுவில் பல ஆண்டுகள் அவரும் நாடற்றவர். அதே 1951-இல் வந்த நூலில், எல்லா உரிமைக்கும் முன்னால் ‘உரிமைகள் பெறும் உரிமை’ என்று ஒன்று வேண்டும், ஏதாவது ஒரு அரசியல் சமூகம் உன்னைத் தன்னுடையவன் என்று எண்ணாவிட்டால் மனித உரிமை காகிதம்தான் என்றார். அதாவது அவருடையதும் பட்ட அனுபவத்திலிருந்து வந்ததுதான்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? அரசியல் அறிஞர் கோபால் குரு 2002-இல் இதைக் கேட்டார். தலித்துகள் தரவு சேகரிக்கவும் மேல்சாதியினர் கோட்பாடு எழுதவும் என்று சமூக அறிவியலுக்குள்ளேயே ஒரு சாதிப் பிரிவினை நடக்கிறது என்றார். பட்டவன்தான் கோட்பாடு எழுத முடியுமா, படாதவனுக்கும் அந்த உரிமை உண்டா என்று அவரும் சுந்தர் சருக்கையும் நடத்திய விவாதம் 2012-இல் நூலாகவே வந்தது. என் நிலைப்பாடு இதுதான்: தாத்தாவின் கதை தானாகக் கோட்பாடு ஆகாது, அரெண்டின் கதையும் ஆகவில்லை. ‘இரண்டு அரசுகள் உட்கார்ந்து எங்களை எண்ணிக்கையாகப் பிரித்தார்கள், எங்களிடம் யாரும் கேட்கவில்லை’ என்று தாத்தா சொன்னாராம். சம்மதம் இல்லாமல் குடியுரிமை கொடுப்பதும் ஒரு வகைப் பறிப்பா? அரெண்டிடம் இந்தக் கேள்வி இந்த வடிவில் இல்லை. அதைப் பிடித்து இழுத்து வாதமாக்கு என்றேன். இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

லாக் சுதந்திரமும் பேசினார், அமெரிக்கக் காலனிக்கும் வேலை பார்த்தார். அவரை எப்படித்தான் படிக்கறது?

கரோலினா காலனி உரிமையாளர்களுக்குச் செயலாளராக இருந்தார், உண்மை. 1669-இல் வந்த அந்தக் காலனியின் அரசமைப்பு ஆவணத்தில் அவர் கையும் உண்டு. உழைப்பைக் கலந்தால் நிலம் உன்னுடையது, உழாமல் கிடந்தால் அது வெறும் தரிசு என்ற அவர் வாதத்தை அதோடு சேர்த்துப் படித்தால் குளிர் எடுக்கும். இந்த மலையின் புல்வெளியைத் தரிசு என்று எழுதித்தானே சீகை மரமும் கற்பூர மரமும் நட்டார்கள்? இங்கே எருமை மேய்த்து வாழ்ந்த தோடர் பழங்குடியின் மேய்ச்சல் உழைப்புக் கணக்கில் வரவில்லை. அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் தோடருக்கு நிலத்தில் முழு உரிமை உண்டு என்று வாதாடினார், மேலிடம் ஏற்கவில்லை.

ஆனால் மூன்றாவது கேள்விக்குத் திரும்பிப் போங்கள். கூடலூரில் ஐம்பது வருஷம் கொத்தியவர் ‘என் வேர்வை இந்த மண்ணில் இருக்கிறது’ என்கிறார். அவர் லாக்கைப் படித்ததில்லை, ஆனால் பேசுவது லாக்கின் வாதம். அதே வாதம் தோடருக்குக் கத்தி, கூடலூர்க்காரருக்குக் கேடயம். சூழல் அணுகுமுறை முதல் பாதியைத்தான் நன்றாக விளக்கும். இரண்டாவது பாதிக்கு, வாதத்தை அதன் ஆளிடமிருந்து பிரித்து, சரியா தவறா என்று எடை போடும் தத்துவ அணுகுமுறை வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு லாக்கைத் திட்டவோ கும்பிடவோ செய்யலாம், படிக்க முடியாது.

பரீட்சையில “சிறந்த அணுகுமுறை எது”ன்னு கேட்டா என்ன எழுதறது?

ஒரு பிரச்சினையை எடுத்து, அதற்கு எந்தக் கேள்வி முக்கியம் என்று சொல்லி, அதற்குப் பொருந்தும் அணுகுமுறையை எழுதி, அதற்கு எது தெரியாது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். ‘அனைத்தும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன’ என்று மட்டும் முடிக்காதீர்கள், திருத்துகிறவர் அதை அன்றைக்கு நாற்பதாவது தடவையாகப் படித்துக்கொண்டிருப்பார்.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. எதுல ஆரம்பிக்கறது?

காந்தியின் ‘ஹிந்த் ஸ்வராஜ்’. சின்னது, தமிழில் கிடைக்கிறது, இந்தப் பக்கம் மாதிரியே கேள்வி பதிலாக இருக்கிறது. 1909 நவம்பரில் கப்பலில் பத்தே நாளில் குஜராத்தியில் எழுதியது, அடுத்த வருஷமே பம்பாய் அரசு தடை போட்டது. முதல் தடவை காந்தியை மறந்துவிட்டு வாதத்தை மட்டும் படியுங்கள், ரயிலையும் வக்கீலையும் டாக்டரையும் அவர் திட்டும் இடத்தில் உங்களுக்குக் கோபம் வர வேண்டும். இரண்டாம் தடவை அதில் கேள்வி கேட்கும் ‘வாசகர்’ யார், லண்டனில் யாரோடு பேசிவிட்டு வந்து எழுதினார் என்று தேடிக்கொண்டு படியுங்கள். அப்புறம் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கரின் 1949 நவம்பர் 25 உரை, அரசியலில் ஒருவருக்கு ஒரு ஓட்டு, ஒரு மதிப்பு, சமூக வாழ்விலோ அதற்கு நேர்மாறு என்று அவர் சொல்லும் இடம். இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை நாலரைக்கு வாருங்கள், மஞ்சு இறங்கிவிட்டால் ஆறு மணிப் பஸ் லேட்டாகத்தான் வரும்.